அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் பெர்ரியில் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் அலாஸ்காவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் பசியாறும்போது என் மனைவி, "சும்மா முணுமுணுக்காம எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டாள், அதனால் எழுதுகிறேன். கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படத்துக்குக் கீழே பனிமலை என்று போட்டிருந்தீர்கள். அது மலை இல்லை ஐயா, பனியாறு. அதற்கு ஆறு என்று தமிழில் முதலில் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு, ஏனென்றால் அது நிஜமாகவே ஓடுகிறது, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். சரி, படத்தை விடுங்கள். அதைவிடப் பெரிய குறை, கட்டுரை முழுக்கத் தேடினாலும் ஒரு சொட்டு மழை இல்லை. நானும் மனைவியும் மகளும் கடந்த ஜூலையில் தென்கிழக்கு அலாஸ்காவில் 16 நாள் இருந்தோம், அதில் 13 நாள் நனைந்தோம். மழையை விட்டுவிட்டு அந்த ஊரைப் பற்றி எழுதுவது, பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலைச் சொல்லாமல் விடுவது மாதிரி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு நாள் உல்லாசக் கப்பல், வேளைக்கு வேளை விருந்து, இரவில் ஆட்டம் பாட்டம், அதெல்லாம் அவரவர் காசு, அவரவர் இஷ்டம். ஆனால் அந்தக் காட்டையும் பனியையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அரசாங்க பெர்ரியில், அதாவது காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகிற பயணக் கப்பலில், போகட்டும், ஊர் ஊராக இறங்கட்டும், ஒவ்வொரு ஊரிலும் இரண்டு நாளாவது நனையட்டும். இப்படி ஒரு வழி இருப்பதாகவே உங்கள் கட்டுரையில் இல்லை. எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு பயண முகவர், பெயர் வேண்டாம், "கப்பல் பேக்கேஜ் எடுக்காம அங்க போகவே முடியாது அங்கிள், ரோடே கிடையாது" என்று அடித்துச் சொன்னார். ரோடு இல்லை என்பது மட்டும் உண்மை. ஜூனோ என்பது அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம், முப்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்கிற ஊர், வெளியூரிலிருந்து அதற்குப் போகச் சடக்கு கிடையாது. முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் மலையும் பனியும். விமானத்தில் போகலாம், இல்லாவிட்டால் தண்ணீரில் போக வேண்டும். அதனால் மாநில அரசாங்கம் என்ன செய்தது என்றால், கடலையே ரோடாகக் கணக்கு வைத்து, அதற்கு அலாஸ்கா கடல் நெடுஞ்சாலை என்று பெயரும் வைத்து, 1963லிருந்து பெர்ரி ஓட்டிக்கொண்டிருக்கிறது. மலேசியா பிறந்த அதே வருடம். கார் ஏறும், லாரி ஏறும், பள்ளிக்கூட விளையாட்டுக் குழு ஏறும், பல் பிடுங்கப் பக்கத்து ஊருக்குப் போகிற பாட்டியும் ஏறுவாள்.

இதைப் படித்த உடனே எனக்கு மனசு போய்விட்டது. நான் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனவன், பாலம் வந்த பிறகும் பல வருடம் பெர்ரியை விடாதவன். நம்முடைய பழைய இரண்டடுக்குப் பெர்ரிகளுக்குத் தீவுகளின் பெயர் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: பூலாவ் ரிமாவ், பூலாவ் ஊண்டான், பூலாவ் தாலாங் தாலாங். அவற்றை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஓடுகிற புதுப் படகுகளுக்கு தெலுக் பஹாங், தெலுக் கும்பார் என்று விரிகுடாப் பெயர்கள். அலாஸ்காவில் பெர்ரிக்குப் பனியாற்றின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மட்டனுஸ்கா, கொலம்பியா, லெகோன்ட் எல்லாம் பனியாறுகள். இதை நான் சொன்னபோது என் மகள், "அப்பா, இதுக்காகவா இவ்ளோ தூரம் வர்றீங்க?" என்று கேட்டாள். ஆமாம், பாதி இதற்காகத்தான்.

மகள் சியாட்டலில் வேலை செய்கிறாள். அங்கிருந்து வடக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் காரில் போனால் பெல்லிங்ஹாம் என்று ஒரு துறைமுகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறினோம், ஞாயிறு காலை அலாஸ்காவின் கெட்சிக்கான் ஊரில் இறங்கினோம். இரண்டு இரவு, இடையில் ஒரு முழுப் பகல். கனடாவின் கரையை ஒட்டியே கப்பல் போனாலும் நடுவில் எங்கும் நிற்காது, அதனால் கனடா விசா தேவைப்படவில்லை. (அமெரிக்க விசா நமக்கு வேண்டும். சிங்கப்பூர்க்காரர்கள் மாதிரி இணையத்தில் ஒரு படிவம் போட்டுவிட்டுக் கிளம்ப நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. துன் ரசாக் சாலைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போய்வர எங்களுக்கு ஒரு நாள் முழுக்க ஆனது.)

கப்பலில் அறை எடுத்திருந்தோம். ஆனாலும் முதல் நாள் இரவு நான் மேல்தளத்தில்தான் படுத்தேன், மனைவி திட்டினாலும். அங்கே பாதி மூடி பாதி திறந்த ஒரு கூடம் இருக்கிறது, சோலாரியம் என்கிறார்கள், கூரையில் வரிசையாகச் சூட்டு விளக்குகள். நாசி கண்டார் கடையில் பொரித்த கோழிக்கு மேலே மஞ்சளாக ஒரு விளக்கு எரியுமே, அதேதான், கீழே கோழிக்குப் பதில் நாங்கள், சாய்வு நாற்காலியில், தூக்கப்பையில் கழுத்து வரைக்கும். அறை எடுக்காத இளவட்டங்கள் வெளித்தளத்தில் கூடாரம் போட்டுக்கொள்கிறார்கள். இரும்புத் தரையில் முளை அடிக்க முடியாதில்லையா, அதனால் ஒட்டு டேப்பைச் சுருள் சுருளாக இழுத்துக் கூடாரத்தின் நாலு மூலையையும் தரையோடு ஒட்டுகிறார்கள். இரவு காற்று எழுந்தபோது ஒரு கூடாரம் டேப்போடு பிய்த்துக்கொண்டு கிளம்ப, நாலு பேர் உள்ளாடையோடு ஓடிப் பிடித்தார்கள். உணவகத்தில் சுடுதண்ணீர் கிடைத்தது, எங்கள் மைலோவுக்கும் மேகிக்கும் அது போதும். என் மனைவி கட்டிக்கொண்டு வந்த நெத்திலி சம்பலை பக்கத்து மேசைக்காரர் ஒருவர், மீன்பிடிப் படகில் வேலை செய்பவர், ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர இன்னும் கேட்டார்.

இப்போது மழை. கெட்சிக்கானில் இறங்கும்போதே பெய்துகொண்டிருந்தது, நாங்கள் கிளம்பும்போதும் பெய்துகொண்டிருந்தது. அங்கே ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. நம் தைப்பிங்கில் 4,000ஐ ஒட்டி வரும், ஆக இரண்டும் அண்ணன் தம்பி. தைப்பிங்கில் அந்தக் காலத்தில் இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுவார்களாமே, கெட்சிக்கானில் மழை அளக்கும் மானியை ஊர் நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள், திரவ வெயில் என்று பெயர் போட்டு. ஆனால் மழையின் குணம் வேறு. நம் மழை வருகிறதென்றால் இடி, மின்னல், வாசலில் காயும் துணியை எடுக்க ஓட்டம், அரை மணியில் ஓய்ந்து மறுபடி வெயில். அங்கே இடியே கிடையாது என்று சொல்லலாம். ரவையைச் சலிக்கிற மாதிரி காலையிலிருந்து இரவு வரைக்கும் ஒரே சீராக, ஒரே சத்தமாக. இரவு என்றாலும் ஜூலையில் அங்கே பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. குடை பிடித்த உள்ளூர்க்காரர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லார் காலிலும் பழுப்பு நிற ரப்பர் பூட்ஸ், கடைக்காரி, வங்கி ஊழியர், தபால்காரர், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற அம்மா, எல்லாரும் அதிலேயேதான் நடக்கிறார்கள்.

எனக்கு அங்கே ஒரு விஷயம் உறைத்தது, சொன்னால் சிரிப்பீர்கள். நான் கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். விடிகாலையில் மழை பெய்தால், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், ஆட்கள் எல்லாம் மண்டோர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டின கோட்டில் இறங்காது, மரத்தோடு பரந்து வழிந்துவிடும், கோப்பையில் பாதி தண்ணீராகிவிடும். வேலை இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் எங்கள் வீட்டில் மழைச் சத்தம் கேட்டால் அம்மாவின் முகம் மாறிவிடும். எனக்கு 60 வயது தாண்டிவிட்டது, இன்றைக்கும் விடிகாலையில் தகரத்தில் மழை விழுந்தால் வயிற்றில் ஏதோ ஒன்று இறுகும். கெட்சிக்கானில் அந்த மூன்று நாள் முழுக்க விடாத மழையில் படகிலிருந்து மீன் இறக்குகிறார்கள், கூரைக்கு ஆணி அடிக்கிறார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஓர் ஓடைக்கு மேலே கட்டை நட்டு மரப்பலகையில் ஒரு தெருவே கட்டியிருக்கிறார்கள், நம் சியூ ஜெட்டி மாதிரியே. அந்தப் பலகையில் நின்றுகொண்டு மழையைப் பார்த்தேன், வயிறு இறுகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மழைக்காடு என்றால் நாம் தாமான் நெகாராவையும் ராயல் பெலுமையும் நினைப்போம். குளிரிலும் மழைக்காடு உண்டு. அங்கே இருப்பது டோங்காஸ் தேசிய வனம், 1907இல் ஏற்படுத்தியது, அமெரிக்காவிலேயே பெரிய தேசிய வனம், பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் தீபகற்ப மலேசியாவில் சரிபாதி. எல்லாம் மரம் என்று நினைக்க வேண்டாம், அதற்குள் பாறையும் பனியும் சதுப்பும் நிறைய. மரங்கள் சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக், சீடர். உள்ளே நுழைந்ததும் முதலில் காதுதான் ஆச்சரியப்படுகிறது. நம் காட்டில் சில்வண்டு காதைக் கிழிக்கும், அங்கே சத்தமே இல்லை, பாசி எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது. தரை, கல், மரம், கிளை, எதைத் தொட்டாலும் விரல்கட்டை முழுகும் அளவுக்குப் பாசி. விழுந்து கிடக்கும் ஒரு பெரிய மரத்தின் முதுகில் சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் கன்றுகள் வரிசையாக நிற்கும், பெரட்டுக்கு நின்ற மாதிரி. செத்த மரம்தான் அவற்றுக்கு மண். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் அதே மாதிரி வளர்ந்து முற்றிய மரங்கள் நேர்கோட்டில் நிற்கின்றன, வேர்களுக்கு அடியில் குகை மாதிரி ஒரு பொந்து. தாங்கிப் பிடித்த பழைய மரம் மக்கிப்போய், அது கிடந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தப் பொந்துக்குள் குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று ஈரம், ஊறின சாக்கு வாசனை, கையில் ஒட்டிக்கொண்டு வந்தது அரை விரல் நீள மஞ்சள் நத்தை ஒன்று, ஓடு இல்லாதது, வாழைப்பழ நத்தை என்கிறார்கள், பழுத்த பிசாங் மாஸ் மாதிரியே இருந்தது.

அட்டை கிடையாது, பாம்பு பயம் இல்லை. கரடி உண்டு. நடக்கும்போது சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும், திடீரென்று அதன் எதிரில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக. அந்த ஊர் ஆட்கள் "ஏ கரடி, ஏ கரடி" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டுக்கொண்டே போகிறார்கள். என் மனைவி "வேல் வேல்" என்று ஆரம்பித்தாள், நான் "வெற்றி வேல்" என்றேன், பின்னால் வந்த இரண்டு ஜெர்மன்காரர்கள் அது உள்ளூர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். பனியாறு எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்துதான். பசிபிக் கடலின் ஈரக்காற்று அந்தக் கரையோர மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்கிறது, கீழே காட்டில் மழையாக விழுகிறது, மேலே உச்சியில் பனியாக விழுகிறது. ஒரே மேகம்தான். மேலே விழுந்தது கோடையில் உருகி முடிவதற்குள் அடுத்த பனி அதன்மேல் விழுந்து, வருடக்கணக்கில் அமுங்கி அமுங்கிக் கட்டியாகி, தன் பாரத்திலேயே சரிவில் இறங்க ஆரம்பிக்கிறது. ஜூனோவுக்குப் பின்னால் அப்படி ஒரு பனிவெளி இருக்கிறது, கிட்டத்தட்ட 3,900 சதுர கிலோமீட்டர், பினாங்குத் தீவைப் போலப் பதின்மூன்று தீவுகளை அதில் வைக்கலாம். அதிலிருந்து இறங்குகிற பல ஆறுகளில் ஒன்றுதான் நீங்கள் படம் போட்ட மென்டன்ஹால். மழையே இல்லாமல் பனியாற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் குழம்பு இருக்கிறது புளி இல்லை என்ற கதை.

மென்டன்ஹாலுக்கு ஜூனோவிலிருந்து நகரப் பேருந்தில் போய், இறங்கி அரை மணி நேரம் நடந்தால் போதும், டூர் பஸ்ஸெல்லாம் வேண்டாம். சுமார் 21 கிலோமீட்டர் நீளம். அதன் நிறத்தைச் சொல்ல வேண்டும். அம்மா வெள்ளை வேட்டி அலசும்போது வாளியில் நீலம் போடுவார், கலக்கும் முன்னால் துணிப்பையிலிருந்து ஒரு புகை மாதிரி நீலம் இறங்கும் பாருங்கள், அந்த நீலம், பனி வெடித்த இடுக்குகளில். பாரத்தில் அமுங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்களெல்லாம் பிதுங்கிப் போய்விடுகின்றன, கெட்டிப்பட்ட பனி வெளிச்சத்தில் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விட்டுவிடுகிறது. மேகமூட்டமான நாளில்தான் இந்த நீலம் இன்னும் கனமாகத் தெரிகிறது. வெயில் அடித்த மூன்று நாளில் ஒரு நாள் மறுபடி போய்ப் பார்த்தேன், வெளுத்துப்போய் இருந்தது. உங்கள் படம் வெயிலில் எடுத்தது.

1962இல் பார்வையாளர் கூடம் கட்டியபோது பனி அதற்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது நடுவில் ஒரு பெரிய ஏரி, அதற்கு அந்தப் பக்கம் பனி. ஓர ஓரமாக மலையிடுக்கில் பனி அணை கட்டின மாதிரி ஒரு பள்ளத்தில் உருகின தண்ணீரும் மழைத் தண்ணீரும் தேங்கி, ஒரு நாள் பனிக்கு அடியில் வழி கண்டுபிடித்து மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. 2011லிருந்து இது நடக்கிறது. 2023 ஆகஸ்டில் ஆற்றங்கரை அரித்துப் போய் வீடே ஆற்றில் சரிந்து விழுந்தது, 2024 ஆகஸ்டில் அதைவிடப் பெரிய வெள்ளம், 2025இல் அதையும் மிஞ்சியது, ஆனால் அதற்குள் கரையோரமாக மண் நிரப்பின பெரிய தடுப்புக் கூடைகளை அடுக்கியிருந்தார்கள், பெரும்பாலான வீடுகள் தப்பித்தன. நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா தன் வரவேற்பறைச் சுவரில் தண்ணீர் ஏறின கோட்டைத் துடைக்காமல் வைத்திருந்தார். எங்கள் வீட்டுச் சுவரிலும் 2017 நவம்பர் வெள்ளத்தின் கோடு இருக்கிறது, நாங்கள் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டோம். இரண்டு பேரும் போனில் படம் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியிருப்போம்.

அங்கேயே பக்கத்தில் ஒரு ஓடையில் சாக்காய் சால்மன் மீன் ஏறிக்கொண்டிருந்தது, உடம்பு மிளகாய்ச் சிவப்பு, தலை பச்சை. கடலில் பல வருடம் சுற்றிவிட்டு, பிறந்த ஓடையைத் தேடி வந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், பசாரில் சாயங்காலம் நாலு மணிக்கு மீன் பக்கம் போன மாதிரி. கரடி மீனைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பாதி தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடுகிறது, அது மக்கி மரத்துக்கு உரம். அந்த மரங்களுக்குள் கடலிலிருந்து வந்த நைட்ரஜன் இருப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். என் மனைவிக்கு மட்டும் ஒரே கவலை, இவ்வளவு மீனும் வீணாகப் போகிறதே, ஒரு சட்டியும் புளியும் கெட்டித் தேங்காய்ப்பாலும் இருந்தால் என்று. திமிங்கிலம் பார்த்தோம், கழுகு நம் ஊர்க் காக்கை மாதிரி அங்கே, அதையெல்லாம் உங்கள் கட்டுரையாளரே எழுதிவிட்டார்.

அடுத்து பனியாற்று விரிகுடா, அது ஒரு தேசியப் பூங்கா. ஜூனோவிலிருந்து சின்னப் பெர்ரியில் குஸ்டாவஸ் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து பூங்காவின் பகல் படகில் எட்டு மணி நேரம். 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் கப்பல்கள் அந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது, வாசல் பக்கத்திலேயே பனி அடைத்துக்கொண்டு நின்றது. 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் படகில் வந்தபோது அது வெகுதூரம் உள்ளே போயிருந்தது. இப்போது 100 கிலோமீட்டருக்கு மேல். படகு போகப் போகக் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசல் பக்கம் முதிர்ந்த காடு, உள்ளே போகப் போக மரம் குட்டையாகிறது, அப்புறம் புதர், அப்புறம் பாசி, கடைசியில் வெறும் கல். பனி விட்டுப்போய் எத்தனை வருடம் ஆனதோ அவ்வளவுக்குத்தான் அங்கே காடு வளர்ந்திருக்கிறது. பனியின் பாரம் இறங்கிவிட்டதால் நிலமே ஆண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்புகிறதாம், மெத்தையிலிருந்து ஆள் எழுந்தால் மெத்தை எழும்புவது மாதிரி.

கோடியில் மார்ஜரி பனியாறு. தண்ணீருக்கு மேலே மட்டும் சுமார் 75 மீட்டர், நம் கொம்தார் கோபுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. படகு என்ஜினை நிறுத்தினார்கள். சுற்றிலும் மிதக்கிற பனித்துண்டுகளிலிருந்து படபடவென்று ஒரு சத்தம், எண்ணெயில் அப்பளம் போட்டதும் கேட்குமே அந்த மாதிரி, பனிக்குள் மிச்சம் அடைபட்டிருந்த பழைய காற்று வெளியே வரும் சத்தம். அப்புறம் ஒரு துண்டு பிரிந்து விழுந்தது. விழுந்து தண்ணீர் எழும்புவதைப் பார்த்துவிட்டோம், அதற்குப் பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. இதற்கு அந்த மண்ணின் மக்கள் வைத்திருக்கும் பெயர் வெள்ளை இடி.

அந்த மக்களைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. கிளிங்கிட் என்று சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எழுதுவது வேறு மாதிரி. விரிகுடா இருக்கும் இடம் அவர்களுடைய ஊராக இருந்தது. 1700களில் பனி முன்னேறி வந்து ஊரை நசுக்கியது, நாய் ஓடும் வேகத்தில் வந்தது என்று பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அவர்கள் கடலைத் தாண்டி ஹூனாவில் குடியேறினார்கள். பனி திரும்பிப் போன பிறகு பார்த்தால் நிலம் அரசாங்கப் பூங்காவாகிவிட்டது, வழக்கமாக எடுக்கிற கடற்பறவை முட்டையைக்கூட எடுக்கக் கூடாது என்று சட்டம். முட்டை எடுக்க 2014இல்தான் தனிச் சட்டம் போட்டார்கள், பூங்காவுக்குள் அவர்களுக்கென்று ஒரு மரவீடு 2016இல்தான் எழும்பியது. அந்த வீட்டின் முகப்பில் செதுக்கிய பலகைக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் தோட்டமும் இப்போது ஒரு தாமான், வீடமைப்புப் பகுதி. அம்மன் கோயில் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மீதியை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், பல தடவை.

இனி உங்கள் கட்டுரை புகழ்ந்த கப்பல்கள். பனியாற்று விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பலுக்குமேல் விடமாட்டார்கள். ஜூனோவில் 2024லிருந்து நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று ஊராட்சியும் கப்பல் கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, அதற்கே ஊரில் பாதிப் பேர் போதாது என்கிறார்கள், பாதிப் பேர் பிழைப்பு போகும் என்கிறார்கள். சனிக்கிழமை கப்பலே வேண்டாம் என்று 2024இல் வாக்கெடுப்பு வைத்துத் தோற்றும் போனார்கள். ஐந்து கப்பல் நிற்கிற நாளில் ஜூனோ கடைத்தெருவில் நடந்து பார்த்தேன். ஸ்வெட்டன்ஹாம் பியரில் கப்பல் வந்த நாளில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை நிற்குமே, அதை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின பிறகு அந்த ஊர் மூச்சு விடுகிறது, கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்று பேசிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் தங்கினவனுக்குத்தான் கிடைக்கும்.

பெர்ரியில் சிரமம் இல்லையா என்றால் இருக்கிறது. நேரம் மாறும், ஊருக்கு வாரத்துக்குச் சில தடவைதான் வரும், ஒரு முறை நடுராத்திரி இரண்டரைக்கு இறங்கவேண்டி வந்தது. கோடைக்கு முன்கூட்டியே பதிவு செய்யவில்லை என்றால் அறை கிடைக்காது. குளிர் பயப்படுகிற அளவு இல்லை, ஜூலையில் 10இலிருந்து 18 டிகிரி, கேமரன் மலையில் மழை நாள் மாதிரி. பஞ்சு உடுப்பு மட்டும் வேண்டாம், நனைந்தால் அன்றைக்குக் காயாது. நாங்கள் பினாங்கில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு போன மழைக்கோட்டு மூன்றும் முதல் நாளே தையலில் ஒழுக ஆரம்பித்து, கெட்சிக்கானில் மீனவர்கள் வாங்குகிற கடையில் தடித்த ரப்பர் கோட்டு வாங்கினோம்.

மகள் தன்னுடையதைச் சியாட்டலிலேயே வைத்துக்கொண்டாள். மற்ற இரண்டும் இங்கே எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன, ஒன்று பெரிய அளவு, ஒன்று நடுத்தரம், நடுத்தரத்தில் இன்னும் கொஞ்சம் மீன் வாசனை இருக்கிறது. வாசகர்கள் யாராவது இந்தக் கோடையில் போவதாக இருந்தால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம், என் முகவரி உங்களிடம் இருக்கிறது. திருப்பித் தரும்போது துவைக்க வேண்டாம், உப்பைத் துடைத்தால் போதும்.

இப்படிக்கு,
பெர்ரிப் பயணி ஒருவன்,
ஜெலுத்தோங், பினாங்கு.